அடைப்பு நீக்கும் தூள் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அடைப்பு நீக்கும் தூளின் பாக்கெட்டில் உள்ள தவறான செய்முறை, உதவி எண்ணில் தரப்பட்ட ஆபத்தான ஆலோசனை தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தூள் என் வீட்டு வாஷ்பேசின் அடைப்பை எடுக்கவில்லை. அது மட்டும்தான் விஷயம் என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். எல்லா அடைப்பையும் கரைக்கிற தூள் உலகத்தில் எதுவும் இல்லை. ஆனால் தூள் வேலை செய்யாதபோது அடுத்து என்ன செய்வது என்று உங்கள் பாக்கெட்டும், அப்புறம் உங்கள் உதவி எண்ணில் பேசியவரும் சொன்ன வழி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணோ கையோ போகிற விஷயம் அது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேசினில் தண்ணீர் இறங்குவது நாளாக நாளாக மெதுவாகி, கடைசியில் நின்றே போனது. மேலே இருக்கும் ஜாலியைக் கழற்றி, கைக்கு எட்டிய தலைமுடியை எடுத்துப் போட்டேன். பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு பிளஞ்சர் (குழாய் வாயில் வைத்து அழுத்தும் ரப்பர் கிண்ணம்) போட்டேன். அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் நாம் கொடுக்கிற அழுத்தம் முழுக்க அதன் வழியாகவே போய்விடும். கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் மேலே வந்ததே தவிர அடைப்பு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் பாக்கெட்டைப் பிரித்தேன்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘எந்த அடைப்பும் 30 நிமிடத்தில் கரையும்’ என்று இருக்கிறது. பின்பக்கத்தில் மூன்றே வரிதான்: தூளைக் குழாய்க்குள் கொட்டவும், ஒரு டம்ளர் சூடான தண்ணீர் ஊற்றவும், நீங்காவிட்டால் மீண்டும் ஒருமுறை செய்யவும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவில், ‘சோடியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம்’ என்று உட்பொருள்கள். மூன்று வரியையும் எழுத்துப் பிசகாமல் செய்தேன். புஸ்ஸென்று பொங்கியது, ஆவி வந்தது, மூக்கில் ஏறுகிற ஒரு நெடி வந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. ‘மீண்டும் ஒருமுறை’ என்றும் நீங்கள் சொல்லியிருப்பதால் அதையும் செய்தேன். இந்த முறை பொங்கல்கூட இல்லை. பேசின் நிறைய சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் மிச்சம்.

இங்கேதான் உங்கள் செய்முறை முடிந்துவிடுகிறது. என் பிரச்சினை ஆரம்பித்தது இங்கே.

அந்த நிமிடத்தில் என் பேசினில் நின்றது வெறும் அழுக்குத் தண்ணீர் கிடையாது, காஸ்டிக் சோடா கரைசல். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடின் இன்னொரு பெயர்தான் அது; ஆசிட்டுக்கு நேர் எதிரான, தோலை அரிக்கிற காரம். இனி அதில் பிளஞ்சர் போட முடியாது. ஒரு அழுத்து அழுத்தினால் முகத்தில் தெறிக்கும். ஸ்பிரிங் கம்பியை விட்டால் வெளியே இழுக்கும்போது அதில் ஒட்டியிருப்பது கையில் வழியும். கீழே ட்ராப்பை (பேசினுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய்ப் பகுதி) கழற்றினால் மொத்தமும் மடியில் கொட்டும். பிளம்பரைக் கூப்பிட்டாலும், உள்ளே என்ன நிற்கிறது என்று சொல்லாமல் விட்டால் அவருக்கும் இதே கதிதான். தூள் போடுவதற்கு முன் என் கையில் மூன்று வழி இருந்தது. உங்கள் தூள் அடைப்பைத் தொடவில்லை, அந்த மூன்று வழியையும் அடைத்துவிட்டுப் போனது. இதைப் பற்றி பாக்கெட்டில் ஒரு வார்த்தை கிடையாது. ‘தூள் போட்ட பிறகு பிளஞ்சர் போடாதீர்கள்’ என்ற ஒற்றை வரிக்கா அதில் இடம் இல்லை? சிரித்த முகத்தோடு ஒரு அம்மா வெறுங்கையால் தூளைக் கொட்டுகிற படத்துக்குப் பாதிப் பாக்கெட் போயிருக்கிறது. அந்த வெறுங்கையும் ஒரு புகார்தான்.

சரி, உங்களிடமே கேட்கலாம் என்று பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னது இது: “இன்னொரு பாக்கெட் போட்டுப் பாருங்க சார்.” ஏற்கனவே திரும்பப் போட்டுவிட்டேன் என்றதும், “அப்படின்னா பாத்ரூம் கழுவுற ஆசிட் இருந்தா கொஞ்சம் ஊத்திப் பாருங்க, பிடிச்சு இழுத்துரும்” என்றார்.

மேலாளர் அவர்களே, இந்த வாக்கியத்தை உங்கள் தயாரிப்புப் பிரிவில் இருக்கும் எந்த வேதியியல் படித்தவரிடமாவது காட்டுங்கள். காரம் நிற்கிற குழாயில் ஆசிட்டை ஊற்றினால் இரண்டும் மோதி வருகிற சூட்டில் தண்ணீர் குபீரென்று கொதித்து மேலே தெறிக்கும். அதற்கு முன்பு அந்தக் குழாயில் யாராவது பிளீச்சிங் திரவம் ஊற்றியிருந்தால் இன்னும் மோசம்; ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்ன குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவர் என்ன ஆவார்? நான் மாட்டேன் என்றதும், “அது உங்க விருப்பம் சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறகு நானே இறங்கினேன். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, பழைய முழுக்கைச் சட்டை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பேசினில் நின்றதை பிளாஸ்டிக் மக்கால் மொண்டு, பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அலுமினியப் பாத்திரத்தை இதற்குத் தொடக்கூடாது, காரம் அதைத் தின்னும். கையுறையின் ஓரம் வழியாக ஒரு சொட்டு மணிக்கட்டில் பட்டது. வழுவழுவென்று சோப்பு மாதிரி இருந்தது. தோலில் இருக்கும் கொழுப்பே சோப்பாக மாறுகிறது என்பதுதான் அந்த வழுவழுப்புக்கு அர்த்தம். உடனே குழாயடியில் நீட்டி நெடுநேரம் கழுவினேன். முதலுதவி பற்றி உங்கள் பாக்கெட்டில் ஒரு எழுத்தும் இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன். காரம் ஆசிட்டைப் போல மேலோடு சுட்டுவிட்டு நிற்பதில்லை, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவி, மருத்துவரிடம் ஓட வேண்டும். தெரிந்தவன் தப்பித்தேன். பாக்கெட்டை மட்டுமே நம்புகிறவர் என்ன செய்வார்?

பேசினுக்கு அடியில் இருப்பது பாட்டில் ட்ராப், அடியில் கிண்ணம் வைத்த வகை. அகலமான பிளாஸ்டிக் டப்பாவை அதன் அடியில் வைத்து, அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்ததும்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது.

அடியில் ஒரு டூத்பேஸ்ட் மூடி. அதைச் சுற்றி முடி சுருண்டு, சோப்புக் கசடு பூசிக்கொண்டு கிடந்தது. அதற்கு மேல், கிண்ணத்தின் வடிவத்திலேயே, வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கட்டி. கல் என்றே சொல்லலாம், மரக்குச்சியால் குத்தினால் ‘டொக்’ என்றது. அது உங்கள் தூள்தான். ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து ஈரம் பட்டதும், உள்ளே கரையாமல் இருந்த தூள் ‘சுர்’ரென்று சத்தம் போட்டுச் சூடாகிப் பொங்கியது. அதில் மினுமினுத்த துணுக்குகள் அலுமினியம். அவை காரத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றும். பக்கத்தில் நெருப்பு கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? தேடிப் பார்த்தேன், இல்லை.

ஓடாத தண்ணீரில் இந்தத் தூளைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். தூள் கனம், நேராக ட்ராப்பின் அடிக்குப் போய்க் குவிந்துவிடும். மேல்பரப்பு மட்டும் கரைந்து சூடாகும். பிறகு ஆறும்போது, அங்கே இருக்கும் கொழுப்புப் பிசுக்கில் உண்டான சோப்பையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக இறுகிவிடும். தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிற குழாயில், பிசுக்கும் சோப்புக் கசடும் மட்டும் படிந்திருந்தால், காஸ்டிக் சோடா உண்மையிலேயே நல்ல வேலை செய்யும். கொழுப்பைச் சோப்பாக்கிக் கழுவிக்கொண்டு போகும். முடியைக்கூடக் கொஞ்ச நேரம் கொடுத்தால் கரைக்கும். ஆனால் தண்ணீர் முழுசாக நின்றுபோன குழாய்க்கு இது சரிவராது. பிளாஸ்டிக் மூடியை எந்தக் காரமும் 30 நிமிடத்தில் கரைக்காது. ‘எந்த அடைப்பும்’ என்று அச்சடித்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அச்சடித்தீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தச் சூடான தண்ணீர் விஷயத்தையும் விடுவதாக இல்லை. காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது தானே சூட்டைக் கிளப்பும். 50 கிராமை கால் லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்தாலே அது 60, 70 டிகிரியைத் தொட்டுவிடும். பி.வி.சி. குழாய்க்கு 60 டிகிரிக்கு மேல் ஆகாது என்பது அந்தக் குழாய் விற்கிற எல்லோருக்கும் தெரியும். இதில் முதலிலேயே சூடான தண்ணீரை ஊற்றச் சொன்னால் குழாய் நெளியும், வாஷர் இளகும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழாய் வாயிலிருந்து காரத் தண்ணீர் எகிறி அடிக்கும். என் ட்ராப்பின் ரப்பர் வாஷர் இப்போது வளைந்து கிடக்கிறது. வேறு வாஷர் மாற்ற வேண்டியதாயிற்று.

ட்ராப்பைக் கழுவி, மூடியையும் முடியையும் எடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் போகிற குழாயில் ஸ்பிரிங் கம்பியை விட்டுத் திருகி இழுத்தேன். கறுத்த பிசுக்குக் கொஞ்சம் வந்தது. ட்ராப்பைத் திரும்ப மாட்டித் தண்ணீர் விட்டேன். சரசரவென்று இறங்கியது. காசு செலவில்லாத இந்த வேலையை முதலிலேயே செய்யும்படி உங்கள் பாக்கெட் சொன்னால் தூள் விற்காது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைப்பு எடுத்த பிறகு குழாய்ச் சுவரில் மிஞ்சுகிற பிசுக்குக்கு இந்தத் தூள் பொருத்தமான பொருள். அப்படிச் சொல்லி விற்றால் நானே வாங்குவேன். (இணையத்தில் எல்லோரும் சொல்கிற சமையல் சோடாவும் வினிகரும் இதற்கு மாற்று என்று நான் நம்பவில்லை. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். ஆனால் அது யாருடைய கண்ணையும் கெடுக்காது, அந்த வகையில் உங்களைவிட மேல்.)

பாக்கெட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கிழித்தால் திரும்ப மூட வழியில்லாத உறை அது. காஸ்டிக் சோடா காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக் கட்டியாகும். பார்ப்பதற்கோ சர்க்கரை போல இருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை எப்படி வைப்பது?

நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். தூளுக்கும் வாஷருக்கும் நான் செலவழித்த பணம் திரும்ப வேண்டும், ரசீதுகளை இணைத்திருக்கிறேன். தொகை பெரிதில்லை, ஆனாலும் விடுவதாக இல்லை. அதைவிட முக்கியமாக, பாக்கெட்டில் சூடான தண்ணீர் என்பதை எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் என்று போடுங்கள். ‘மீண்டும் ஒருமுறை செய்யவும்’ என்ற வரியை அடியோடு நீக்குங்கள். தண்ணீர் முழுசாக நின்ற குழாயில் போடக்கூடாது, போட்ட பிறகு பிளஞ்சரோ ஆசிட்டோ பிளீச்சிங்கோ கூடாது, பிளம்பரிடம் சொல்லாமல் விடக்கூடாது என்பதைப் படிக்கிற அளவு எழுத்தில், தமிழில், முன்பக்கத்திலேயே போடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்த கையையும் முகத்தையும் படத்தில் காட்டுங்கள். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு, ஆசிட் ஊற்றச் சொல்லக்கூடாது என்பதையாவது இன்றே சொல்லிவிடுங்கள். பாக்கெட் அச்சு மாற நாளாகும், இதற்கு ஒரு போன் போதும். என் அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

பதில் எழுத்தில் வேண்டும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானாக வருகிற குறுஞ்செய்தியை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுப்பேன். பாக்கெட்டின் இரு பக்கங்கள், ட்ராப் கிண்ணத்தில் இருந்த கட்டி, வளைந்த வாஷர் ஆகியவற்றின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிரிக்காத இன்னொரு பாக்கெட் என்னிடம் இருக்கிறது. அரிக்கும் பொருளைச் சாதாரண அஞ்சலில் அனுப்பக்கூடாது என்பதால் நான் அனுப்பப் போவதில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவரைக் கையுறையோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: படங்கள், ரசீதுகள்