மாதந்தோறும் ஒரு பங்கு: மிஷன், அறப்பணி நிதிக்கு வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் சபையின் மிஷன், அறப்பணிக் குழு இந்த ஆண்டுக்கான வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறது. இம்முறை பெரிய தொகையை விட, தவறாமல் வரும் தொகையையே கேட்கிறோம். சிறிதானாலும் மாதந்தோறும் வந்து சேர்ந்தால் போதும்.

தேசத்தின் தொலைவான பகுதிகளில் ஊழியம் செய்கிறவர்களை நம் சபை தனியாக அனுப்பவில்லை. அதற்கு நமக்குப் பலமும் இல்லை. பாப்டிஸ்ட் சபைகள் பல சேர்ந்து நடத்தும் தேசிய மிஷன் நிதியில் நம் பங்கும் சேர்கிறது. ஊழியர்களின் மாதப்படி, மருத்துவச் செலவு, புதிதாகக் கூடும் சிறு சபைகளின் வாடகை எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. பண்டிகை மாதத்தில் நிரம்பி, மற்ற மாதங்களில் மெலிந்துபோகும் காணிக்கைப் பையை நம்பி ஒரு குடும்பத்தைத் தொலைதூரத்துக்கு அனுப்புவது நியாயம் அல்ல.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் ஊழியரின் கடிதத்தைத் தயவுசெய்து நின்று படியுங்கள். மாலைக் கூட்டங்களைப் பற்றி இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, மகளுக்கு வாங்கிய மூக்குக் கண்ணாடியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். கரும்பலகை தெரியாமல் அந்தச் சிறுமி பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாளாம். மிஷன் காணிக்கை என்று நாம் கொடுப்பது இப்படியும் செலவாகிறது. அதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நம் சபைக்கு மேலே உத்தரவு போடுகிற அதிகாரம் எதுவும் இல்லை. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையைப் பாப்டிஸ்டுகள் பாடுபட்டுக் காத்துவந்திருக்கிறார்கள். ஆகவே தேசிய மிஷனுக்கு இவ்வளவு கட்டியாக வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நாமாக மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.

இது இன்று நேற்று தொடங்கிய வழக்கம் அல்ல. 1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில், ஒரு விதவையின் வீட்டில் கூடிய சில பாப்டிஸ்ட் போதகர்கள் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று சேர்ந்தது 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதுவும் ரொக்கம் அல்ல. ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று கொடுத்த வாக்கு. அடுத்த ஆண்டே அந்தச் சங்கத்தின் மிஷனரியாக வில்லியம் கேரி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1812இல் வங்காளத்தின் செராம்பூரில் கேரியும் உடன் ஊழியர்களும் நடத்திய அச்சகம் தீப்பற்றி, காகிதமும் அச்செழுத்துகளும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. செய்தி எட்டிய சில மாதங்களுக்குள் பிரிட்டனில் இருந்த விசுவாசிகள் அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குப் பணம் திரட்டிவிட்டார்கள்.

ஆபத்து என்று கேட்டதும் கொடுக்கிற அந்த மனம் நம் சபையிலும் உண்டு. எந்தச் செய்தியும் வராத சாதாரண மாதங்களுக்காகத்தான் இப்போது கேட்கிறோம்.

அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்தவைதான். மிஷன், கல்லூரி, அநாதை இல்லம் என ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியே ஆள் அனுப்பி, சபை சபையாகக் கேட்டுவந்தது. 1925இல் ஒரு கூட்டுத் திட்டம் வகுத்தார்கள்: ஒவ்வொரு சபையும் தன் காணிக்கையில் ஒரு பங்கை அனுப்பும், அது மாநிலப் பணிகளுக்கும் தேசியப் பணிகளுக்கும் பகிரப்படும். எவ்வளவு அனுப்புவது என்பது அந்தந்தச் சபையின் முடிவு. இந்த முறையில் எங்கள் குழுவுக்கு முழு நம்பிக்கை உண்டு.

அறப்பணிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மிஷன் நிதியோடு அதைக் கலப்பதில்லை. வெள்ளமோ புயலோ வந்தபின் வசூலிக்கத் தொடங்கினால், முதல் வாரத்தில் குடிநீரும் போர்வையும் வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. இருப்பு முன்கூட்டியே வேண்டும். நம்மிடையே வேலை இழந்தவர்களும் நோயில் இருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். அவர்கள் கொடுக்க முடியவில்லையே என்று கூச வேண்டாம். தேவை இருந்தால் எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்த நிதி உங்களுக்கும் உரியது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்ததும் ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் காணிக்கையை எண்ணி, பதிவேட்டில் கையொப்பமிட்டுப் பொருளாளரிடம் ஒப்படைக்கிறார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். அப்போஸ்தலனுக்கே அந்தக் கவனம் இருந்தது என்றால் நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும். பதிவேட்டை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.

வரும் ஞாயிறு முதல் இருக்கைகளில் வாக்குறுதி அட்டை வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் கலந்துபேசி, ஜெபித்து, மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். மிஷனுக்கா, அறப்பணிக்கா, இரண்டுக்குமா என்பதையும் குறித்துவிடுங்கள். சூழ்நிலை மாறினால் தொகையைக் குறைக்கலாம், நிறுத்தலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அட்டைகளை இம்மாதக் கடைசி ஞாயிறுக்குள் காணிக்கைப் பெட்டியில் சேர்த்தால், அடுத்த சபைக் கூட்டத்தில் அவற்றின் அடிப்படையில் வரவு செலவுத் திட்டத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
மிஷன், அறப்பணிக் குழுவினர்