தெருவில் ஓடுவது அழகு வாய்க்கால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தெற்கு ஸ்பெயினின் அல்புஹாரா மலைக் கிராமங்களைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பார்சிலோனாவையும் மாட்ரிட்டையும் விட்டால் அந்த நாட்டில் வேறு ஊரே இல்லை என்பது போல எழுதுகிறவர்களுக்கு நடுவே, கிரனாடா மாகாணத்து மலைச்சரிவு ஒன்றைத் தேடிப்போய் எழுதியவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அதிலுள்ள இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பம்பனெய்ரா கிராமத்துத் தெருவின் நடுவே நீர் ஓடும் படத்துக்குக் கீழே, அது பயணிகளைக் கவர்வதற்காக அமைத்த அழகு வாய்க்கால் என்று அச்சாகியிருக்கிறது, இது பிழை. அங்குள்ள சிறிய தங்கும் வீடுகளில் ஹோட்டல் வசதி எதுவும் இல்லை, சைவ உணவுக்காரர்கள் போகாமலிருப்பதே நல்லது என்று எழுதியிருப்பது மற்றொன்று. இதைப் பிழை என்பதைவிட, முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனதால் வந்த மனக்குறை என்பேன். அந்த மனக்குறை எனக்கும் முதல் நாள் இருந்தது.

நான் நீர்ப்பாசனப் பணிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடந்த ஆண்டு மே மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் அதே பள்ளத்தாக்கிலுள்ள புபியோன் என்னும் கிராமத்தில் ஐந்து இரவுகள் தங்கினோம். கிரனாடா நகரிலிருந்து புறப்படும் பேருந்து, பாட்டில் நீருக்குப் பெயர்போன லன்ஹரோனைக் கடந்து, ஒர்ஹிவாவுக்குப் பிறகு கொண்டைஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குகிறது. பொகெய்ரா ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் ஒரே சரிவில், ஒன்றன் மேல் ஒன்றாகப் பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. முதலாவது சுமார் 1,060 மீட்டர் உயரத்திலும், நடுவிலுள்ளது 1,300 மீட்டரிலும், கடைசி ஊர் 1,430 மீட்டருக்கு மேலும் உள்ளன. இவற்றுக்குப் பின்னால் சியெரா நெவாடா மலைத்தொடர் நிற்கிறது. ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமான முலாசென் சிகரம், ஏறக்குறைய 3,480 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனபோது உச்சியில் இன்னும் பனி வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பனிதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

நாங்கள் தங்கிய இடம் மூன்றே அறைகளை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்தின் வீடு. இத்தகைய வீட்டை அங்கே 'காசா ரூரால்', அதாவது நாட்டுப்புற வீடு, என்கிறார்கள். அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் சமையலையும் அறைகளையும் பார்த்துக்கொள்ள, அவருடைய மகன் வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்களுக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. கூரை ஓட்டுக்கூரை அன்று, மொட்டைமாடி. செஸ்நட் மரத்து விட்டங்களைப் போட்டு, அவற்றின் மேல் பலகைக் கற்களைப் பரப்பி, அதற்கும் மேல் 'லௌனா' என்னும் சாம்பல்நீலக் களிமண்ணைக் கனமாகக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். மழை பட்டதும் அந்த மண் உப்பி, தன் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொண்டு நீரைக் கீழே விடாமல் தடுத்துவிடுகிறது. தேய்பிறையில்தான் அதைப் போட வேண்டும் என்பது ஊர் முதியவர்களின் நம்பிக்கை. இதைக் கேட்டதும் என் மனைவி, நம் வீட்டில் இருந்த கொத்தனார்தான் இங்கே வந்து சொல்லிக்கொடுத்திருப்பார் என்றாள். கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த மெட்ராஸ் டெரஸ் மாடியில் வளர்ந்தவர்களுக்கு, தார்த்தாளும் சிமெண்டும் இல்லாமல் ஒழுகாத ஒரு மாடியைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. மொராக்கோ மலைகளில் பெர்பெர் மக்கள் கட்டும் வீடுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டி இருபது நிமிடம் தாமதமாக வந்தது. கட்டுரையாளர் குறைப்பட்டுக்கொண்ட தாமதம் இதுவாகவே இருக்கலாம். அம்மையார் ரொட்டித் தட்டை வைத்தபடியே, இன்று தண்ணீர் எங்கள் முறை என்ற பொருளில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி சொற்பம். ஆனால் தண்ணீர் என்ற சொல்லும் முறை என்ற சொல்லும் காதில் விழுந்ததும், கடித்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்துக்கு இறங்கிவிட்டேன். அங்கே அவருடைய மகன் முழங்கால் வரையிலான ரப்பர் காலணியோடு, மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தார். வாய்க்காலின் குறுக்கே இருந்த தட்டையான கல் ஒன்றைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் நிறுத்தினார். அதன் ஓரங்களில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளையும் ஒரு கிழிந்த துணியையும் திணித்து அடைத்தார். நீர் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு அவரைச்செடி வரிசைப் பாத்திக்குள் திரும்பியது. மடை மாற்றும் அந்தக் காட்சியில், இரும்புக் கதவோ திருகாணியோ எதுவும் இல்லை. அவரிடம் கடிகாரம் இருந்தது. மேலேயிருக்கும் அண்டைத் தோட்டத்துக்காரர் எத்தனை மணிக்குத் தன் முறையை முடித்தார், இவர் எத்தனை மணிக்குக் கீழே இருப்பவருக்கு விட வேண்டும் என்பது அவர்களுக்குள் முடிவு செய்துகொண்ட கணக்கு.

இந்த வாய்க்கால்களுக்கு 'அசேகியா' என்று பெயர். சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. தொட்டியைக் குறிக்கும் 'அல்பெர்கா' என்ற சொல்லும் அப்படியே. வாய்க்காலைப் பராமரிக்கும் ஆளை 'அசேகியேரோ' என்கிறார்கள். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் நீரைப் பங்கிட்டு விடும் ஆளான நீர்க்கட்டி செய்யும் வேலையைத்தான் அவர் செய்கிறார். இவற்றில் என்னை அதிகம் வியக்க வைத்தவை, தோட்டத்துக்கு நேராகப் பாயும் வாய்க்கால்கள் அல்ல. மலையின் மேற்பகுதியில் 'கரேயோ' என்னும் வகையைச் சேர்ந்தவை. பனி உருகும் காலத்தில் ஓடைகளில் பெருகும் நீரை ஆற்றுக்கு விட்டுவிடாமல், மண் வாய்க்கால்கள் வழியே சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுபோய், நீரை உறிஞ்சும் தன்மையுள்ள இடங்களில் வேண்டுமென்றே பரவ விடுகிறார்கள். வெடிப்புகள் நிறைந்த பாறைக்குள் இறங்கிய அந்த நீர், வாரங்களோ மாதங்களோ கழித்து, மழையே இல்லாத கோடையில், கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிப்படுகிறது. வாய்க்காலில் கசிவு என்றால் சிமெண்ட் பூசி அடைக்கக் கற்றவன் நான். கசிய வேண்டும் என்பதற்காகவே வெட்டிய வாய்க்காலை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. பம்பனெய்ராவின் தெருவில் ஓடுவதும் இவ்வாறு மேலிருந்து இறங்கி, ஊரைக் கடந்து, கீழேயுள்ள தோட்டங்களை நோக்கிப் போகும் நீர்தான். பார்க்க அழகாக இருப்பது உண்மையே. அதற்காக அதை விட்டதாகச் சொல்வது, நம் வயல் வாய்க்காலைப் படமெடுப்பதற்காக வெட்டினார்கள் என்பது போலாகும்.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டுரையில் அது ஒரு வரியோடு நின்றுவிட்டது. 1492-ல் முஸ்லிம் அரசான கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்த பிறகும் இந்த மலைகளில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். பின்னர் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகி 'மொரிஸ்கோ' என்று அழைக்கப்பட்ட அவர்கள், மொழிக்கும் உடைக்கும் விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து 1568 கிறிஸ்துமஸை ஒட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். 1571-க்குள் அந்தக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, அவர்கள் கிரனாடாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலிருந்து புதுக்குடிகள் கொண்டுவரப்பட்டார்கள். வாய்க்கால்களையும் படித்தோட்டங்களையும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை மட்டும் விட்டுவைத்ததாக அங்கே சொல்கிறார்கள். ஒரு மக்களை விரட்டிவிட்டு அவர்களுடைய நீர்க்கணக்கை மட்டும் வைத்துக்கொண்ட கதையை அந்த வாய்க்கால் ஓரத்தில் நின்று கேட்பது எளிதாக இல்லை.

இனி, தங்கும் வீட்டுக்கும் இந்த வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிழைப்புக்காக ஏராளமானோர் பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் போனதில், படித்தோட்டங்கள் கரடாகி, வாய்க்கால்கள் பல இடங்களில் தூர்ந்தன. வாய்க்காலை ஆண்டுதோறும் பாசனக்காரர்களே கூடித் தூர்வார வேண்டும். ஆள் குறைந்தால் எஞ்சியவர்கள் மேல் பாரம் ஏறும். கிரனாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர்கள் 2014-ல் அதே அல்புஹாராவிலுள்ள கான்யார் என்ற ஊரில் தொடங்கி, தன்னார்வலர்களையும் பாசனக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கைவிடப்பட்ட வாய்க்கால்களை மீட்டு வருகிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டு அம்மையாரின் மகன் சொன்னது இதைவிட எளிமையானது: மூன்று அறைகளுக்கு ஆள் வராவிட்டால் அவர் கிரனாடாவுக்கு வேலைக்குப் போய்விடுவார், அவருடைய பங்குக்கான தூர்வாரலைச் செய்ய ஆள் இருக்காது. அவரைக்காயும் உருளைக்கிழங்கும் மட்டும் விற்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நாங்கள் இருவரும் சிற்றுண்டியோடு ஓர் இரவுக்குக் கொடுத்த 60 யூரோவில் ஒரு பங்கு அந்த மண்வெட்டிக்குப் போகிறது என்பதை அறிந்த பிறகு, இருபது நிமிடத் தாமதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் தவறு எங்களுடையது. அங்கே அல்புஹாராவின் பெயரோடு பரிமாறப்படும் தட்டு என்றாலே முட்டை, பன்றித் தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி, ஹமோன் என்னும் உலர்த்திய பன்றித்தொடைக் கறி ஆகியவைதான். பக்கத்து ஊரான த்ரெவேலெஸ் அந்த ஹமோனுக்கே பெயர் வாங்கியது. முதல் நாள் 'சின் கார்னே', அதாவது கறி இல்லாமல், என்று நான் பெருமையாகச் சொன்னேன். வந்த அவரைப் பொரியலில் இளஞ்சிவப்பாகச் சிறு துண்டுகள் கிடந்தன. அம்மையார் ஏமாற்றவில்லை, கறி என்றால் சமைத்த கறி, ஹமோன் வேறு என்பது அங்கே சாதாரணப் பேச்சு. 'சோய் வெஹெத்தாரியானோ', அதாவது நான் சைவம், என்று தொடங்கி, ஹமோனும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று பெயர் சொல்லி விலக்கிய பிறகு ஒரு தொல்லையும் இல்லை. ஆலிவ் எண்ணெயில் வெங்காயத்தோடும் பச்சைக் குடைமிளகாயோடும் நிதானமாக வெந்த உருளைக்கிழங்கு, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த வெள்ளைச் சாறு என்று நாள்தோறும் ஒன்று வந்தது. காலையில் சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, தக்காளியைத் துருவிப் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். அதற்கு ஈடாக ஓர் ஐரோப்பியச் சிற்றுண்டியை நான் உண்டதில்லை. கடையில் விற்கும் பிஸ்கட் வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு என்பதைச் சைவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, கதவைத் தட்டி, உறங்கிக்கொண்டிருந்த அம்மையாரை எழுப்பிவிட்டோம். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு எட்டரைக்கு மேல் என்பதே அங்குள்ள வழக்கம். ஸ்பெயின் 1940 முதல் தன் இருப்பிடத்துக்குப் பொருந்தாத மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், மே கடைசியில் ஒன்பதரை மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. ஏழு மணிக்குச் சாப்பாடு கேட்பது நம் கணக்கில் நாலரை மணிக்குக் கேட்பது போல. கடவுச்சீட்டு விவரங்களை நெடுநேரம் எழுதியதாகக் கட்டுரையாளர் சலித்துக்கொள்கிறார். 2024 டிசம்பர் 2 முதல் தங்குவோரின் விவரங்களைக் கூடுதலாகப் பதிவு செய்து அரசுக்கு அனுப்புவது அங்கே கட்டாயம், அந்த அம்மையாருக்கும் அது தலைவலிதான்.

கட்டுரையாளரோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, முட்டிவலி உள்ளவர்கள், முன்பு தொழுவமாக இருந்து இப்போது அறையாக மாறியிருக்கும் கீழ்த்தளத்தை முன்பே கேட்டு வாங்க வேண்டும். வெந்நீர் எரிவாயு சிலிண்டரில் சுடுவதால், இருவர் ஒரே நேரத்தில் குளியலறைக் குழாயைத் திறந்தால் ஒருவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். நான் அதை இருமுறை அனுபவித்தேன்.

அந்தப் படக்குறிப்பை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். 'அசேகியா, பாசன வாய்க்கால்' என்று இரண்டு சொற்கள் போட்டாலே போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
தஞ்சாவூர்