லோடு இறங்கியும் விடாத டிராக்கிங் லிங்க்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாதவரத்தில் இரண்டு லாரி வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினாறு வருடம் நானே ஸ்டியரிங் பிடித்தவன்.

போன மாதம் மணலியிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு லோடு. ஏற்றும்போதே, போன் இருக்கும் இடத்தைக் கண்காணிக்கச் சம்மதமா என்று டிரைவருக்கு எஸ்எம்எஸ் வந்தது, சம்மதம் என்று பதில் போட்டார். போடாவிட்டால் லோடு கிடையாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். ஆனாலும் சிம் எந்த டவரில் இருக்கிறது என்பதை வைத்து இடம் காட்டிவிடுகிறார்கள். பார்ட்டிக்கு, அதாவது சரக்குக்காரருக்கு, அந்த இடத்தைக் காட்டும் ஒரு டிராக்கிங் லிங்க் போய்விடும். நான் ஓட்டிய காலத்தில் மணிக்கொரு தரம் போன் வரும். அந்தத் தொல்லை இப்போது இல்லை, அதில் சந்தோஷம்தான்.

புதன்கிழமை காலை லோடு இறங்கியது. டிரைவர் மகளின் காதுகுத்துக்காகத் திண்டிவனம் பக்கம் தன் கிராமத்துக்குப் போனார். சனிக்கிழமை முன்பின் தெரியாத ஒரு புரோக்கர் எனக்குப் போன் போட்டு, "உங்க டிரைவர் ரெண்டு நாளா ஊர்லயே இருக்காரே, வண்டி காலியா?" என்று கேட்டார். பார்ட்டிக்கு வந்த லிங்க் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருக்கிறது. திறந்து பார்த்தேன். வரைபடத்தில் அவர் ஊர்ப்பக்கம் ஒரு நீலப்புள்ளி, கீழே லாரி நம்பர், அவர் பெயர், பத்து இலக்க மொபைல் எண். சொன்னபோது டிரைவர், "வீட்டுக்கு வந்ததுகூடவாண்ணே தெரியுது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பார்சல் புக்கிங்கிலும் இதே கதை. ஒரு நிறுவனத்தின் தளத்தில் என் எல்ஆர் (சரக்கு ரசீது) நம்பரின் கடைசி இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். வேறு யாருடைய சரக்கோ வந்தது; அனுப்பியவர், பெறுபவர், போன் நம்பர், என்ன சரக்கு, எல்லாம். போட்டி வியாபாரிக்கும் திருடனுக்கும் இதைவிட என்ன வேண்டும்? பெறுபவர் போனுக்கு ஓடிபி அனுப்பிவிட்டுக் காட்டினால் தீர்ந்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்கிய தகவலோ அந்தக் காரியம் முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் டிரைவர்களுக்கு எப்படி நிறுத்துவது என்று யாரும் சொன்னதில்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை காத்திருக்க வேண்டுமா?

டெலிவரி ரசீதில் கையெழுத்தானதும் லிங்க் செத்துவிட வேண்டும். அடுத்தவருக்கு அனுப்பினால் திறக்கக் கூடாது. பார்ட்டிக்கு "விக்கிரவாண்டி டோல் தாண்டியாச்சு, காலை பத்து மணிக்கு வரும்" என்பது போதும். டிரைவர் நம்பர் எதற்கு, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் நம்பர் இருக்கிறதே.

இப்போது லோடு எடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுகிறேன். ஒரே ஒரு ஆபீஸ் ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் "சிஸ்டம் அப்படித்தாங்க" என்கிறார்கள். லாரி உரிமையாளர் சங்கங்கள் சேர்ந்து கேட்டால் அந்த சிஸ்டத்தை மாற்றுவார்கள். சங்கத்தார் இதை அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
மாதவரம், சென்னை