மெஷினுக்கு இல்ல, 26 மணி நேரத்துக்குத்தான் நன்கொடை கேக்குறோம்

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகள் உடல் பருமன் சிகிச்சை உதவிக் கமிட்டி சார்பா எழுதுறோம். சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறோம், ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சிகிச்சை வகுப்போட அடுத்த பேட்ச் ஆரம்பிக்கணும், பதிஞ்சு வச்ச குடும்பங்கள்ல பாதிக்குத்தான் பணம் தேறியிருக்கு. மாசக் கடைசிக்குள்ள மீதி வரலன்னா பாக்கி குடும்பங்களுக்கு போன் போட்டு "இந்த தடவ முடியலம்மா"ன்னு சொல்லணும், அந்த போன யாரு பண்றதுன்னு கமிட்டில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்.

இத ஆரம்பிச்ச பெரியவங்கள நாம மறந்துடக்கூடாது. அப்பெல்லாம் குண்டான புள்ளைய பாத்தா "நல்ல புஷ்டி"ன்னு கன்னத்த கிள்ளிட்டு போவாங்க, டாக்டருங்களே "வளந்தா சரியாயிடும்"னு அனுப்பிடுவாங்க. அந்தக் காலத்துலயே ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மாவும் ஒரு பி.டி. வாத்தியாரும் ஒரு எடை மெஷினையும் ஒரு நோட்டையும் தூக்கிக்கிட்டு வீடு வீடா போய் இது புஷ்டி இல்ல, வியாதின்னு சொன்னாங்க. புள்ளைய மட்டும் அனுப்பினா பாக்க மாட்டோம், அம்மா அப்பாவும் வந்து உக்காரணும்னு அடம் வேற. அமெரிக்காவுல லெனார்ட் எப்ஸ்டீன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், பெத்தவங்களையும் சேத்து குடுக்கற சிகிச்சையோட பலன் 10 வருஷம் கழிச்சும் நிக்குதுன்னு 1990ல ஆய்வு போட்டாரு. நம்ம பெரியவங்க அதெல்லாம் படிச்சவங்க இல்ல, கண்ணால பாத்தே புடிச்சுட்டாங்க. 2023ல அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமும் தானா சரியாகும்னு காத்திருக்காதீங்க, சிகிச்சைய உடனே ஆரம்பிங்கன்னு சொல்லிடுச்சு.

அந்த சங்கம் சொல்ற கணக்கு இதான்: ஒரு புள்ளைக்கு 3லேந்து 12 மாசத்துக்குள்ள குறைஞ்சது 26 மணி நேர சிகிச்சை, நேர்ல, குடும்பத்தோட. 10 குடும்பம்னா 260 மணி, 20 குடும்பம்னா 520. டயட்டீஷியன், எக்சர்சைஸ் சொல்லித்தர ஆள், கவுன்சிலர் எல்லாருக்கும் சம்பளம் இந்த மணிக்கணக்குலதான் போகுது. மணி குறைஞ்சா பலனும் குறையும், இதுல சுருக்கு வழி கிடையாது. தினக்கூலிக்கு போற அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு கூலி போச்சு, போக வர பஸ் காசு, சின்னத பாத்துக்க ஆள் இல்ல. நடுவுல நின்னுட்டா "அக்கறை இல்லாத பெத்தவங்க"ன்னு சொல்றோமே, முக்காவாசி பேர் நின்னது இதனாலதான். அதனால பஸ் காசும் கூலி ஈடும் இந்த தடவ பட்ஜெட்லயே இருக்கு.

சிலர் "டிரெட்மில் வாங்கித் தரேன், பேர மட்டும் போட்டுடுங்க"ன்னு கேக்குறாங்க. நல்ல மனசுதான், ஆனா மெஷின் புள்ளையோட பேசாதுங்க. "அதான் ஊசி வந்துடுச்சே"ன்னும் கேக்குறாங்க. எடை குறைக்கற செமாக்ளூடைட் ஊசிக்கு 2022 கடைசில அமெரிக்காவுல அனுமதி குடுத்தது 12 வயசுக்கு மேலதான், அதுவும் சாப்பாடு, உடற்பயிற்சி மாத்தத்தோட சேத்துத்தான். 8 வயசுப் புள்ளைக்கு என்ன பண்றது?

"வாயக் கட்டினா போதாதா, இதுக்கு எதுக்கு நன்கொடை"ன்னு கேக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 கணக்குப்படி உலகத்துல 5லேந்து 19 வயசுக்குள்ள சுமார் 16 கோடி பேருக்கு உடல் பருமன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இத்தன கோடி புள்ளைங்களும் வாயக் கட்டத் தெரியாதவங்களா? ராத்திரி குறட்டைல மூச்சு முட்டி தூக்கம் கெட்டு கிளாஸ்ல தூங்குற புள்ளைய சோம்பேறின்னு பெஞ்சு மேல நிக்க வைக்கிறாங்க. சின்ன வயசுலயே ஈரல்ல கொழுப்பு, பிரஷர், டைப் 2 சர்க்கரை. காசு இருக்கறவங்க தனியா டாக்டர பாத்துக்குவாங்க, இல்லாதவங்க எங்க போவாங்க?

இதுவரைக்கும் குடுத்தவங்களுக்கு எத்தன தடவ நன்றி சொன்னாலும் தீராது. மாசா மாசம் சின்னத் தொகைதான்னாலும் ஒரு மாசம் கூட தவறாத தையல்கார அக்கா, ஞாயித்துக்கெழம ஹால் சாவிய கேக்காமலே குடுக்கற ஹெட்மாஸ்டர், பீஸ் வாங்காம பாக்கற டாக்டரம்மா, தன் புள்ள தேறினதும் அடுத்த புள்ளைக்குன்னு கவர்ல வச்சு குடுத்துட்டுப் போன அப்பா, பேரே போடாதீங்கன்னு ரசீது கூட வாங்காத பெரியவர், உங்க எல்லாருக்கும் நீங்க கும்பிடற சாமி ஒரு குறையும் வைக்காது.

போன கூட்டத்துல கைய தூக்கி தொகை சொன்னவங்க சிலரோடது இன்னும் வந்து சேரல. பேர் சொல்லல, அவங்களுக்கே தெரியும். அத நம்பித்தான் குடும்பங்கள பதிஞ்சோம்.

மொத்தமா முடியலன்னா தவணையா குடுங்க, ஒரு குடும்பத்தோட 26 மணி நேரத்த நாலு பேர் சேந்தும் ஏத்துக்கலாம். காசுக்கு வழியில்லாதவங்க வண்டி இருந்தா கூட்டிட்டு வந்து விடுங்க, வகுப்பு நேரத்துல சின்னப் புள்ளைங்கள பாத்துக்க வாங்க. பணத்த பொருளாளர்கிட்ட மட்டும் குடுத்து ரசீது வாங்கிக்கங்க, மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே குடுத்தா பேட்ச் லிஸ்ட்ட முடிவு பண்ண வசதியா இருக்கும்.