நம்ம காசு, நம்ம பிள்ளை

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள எஸ்தருக்கு,

ஸ்தோத்திரம். நீயும் உன் வீட்டுக்கார அண்ணனும் பிள்ளையும் சுகந்தானே? உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்தக் காலத்தில் ஆறு பக்கம் கையால் எழுத உன்னால்தான் முடியும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

பிள்ளைக்குக் கல்யாணம் முடிவானதில் அவ்வளவு சந்தோஷம். தொட்டிலில் கிடந்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றால் நமக்கும் வயசாகிவிட்டது என்றுதான் அர்த்தம். மாப்பிள்ளையின் படத்தை இங்கே எல்லாருக்கும் காட்டிவிட்டேன். முகத்தில் ஒரு அடக்கம் தெரிகிறது.

என் பாட்டுக்கு என் நாட்கள் போகின்றன. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலமும் அப்படியே. போன வாரம் நம் கோயிலில் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. மழை வந்துவிடுமோ என்று பந்தலுக்குமேல் தார்ப்பாய் போட்டார்கள், ஒரு துளி விழவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பு இந்தத் தடவை காரம் தூக்கல். எனக்கு ஒரு பக்கம் உப்பளத்தில் பாத்தி வேலைக்குப் போகிற ஒரு அக்கா, மறு பக்கம் நகரத்தில் மூன்று கடை வைத்திருப்பவரின் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே வாளியிலிருந்து ஒரே கரண்டியில்தான் குழம்பு விழுந்தது. அந்த அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சத்தம் போட்டாள், கடைக்கார அம்மாவும் அவளைப் பார்த்துத் தைரியம் வந்து இலையை நகர்த்தினாள். வருஷத்தில் அந்த ஒரு மத்தியானத்தில்தான் நம் சபை சபை மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

சரி, உன் நாலாம் பக்கத்துக்கு வருகிறேன். "மாப்பிள்ளை வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. நாங்களாகத்தான் நூறு பவுன் போடுகிறோம். நம்ம காசு, நம்ம பிள்ளை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று எழுதிவிட்டு, ஒளிக்காமல் பதில் எழுது என்றும் கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரி இல்லையென்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன்.

நஷ்டம் உண்டு எஸ்தர். அது உன் வீட்டுக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு முப்பது பவுன் என்று பேசி முடித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போதகர் ஐயரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து அவருடைய அண்ணன் வந்து, தன் மகள் கல்யாணத்தை இதே கோயிலில் நடத்தினார். நூற்றிருபது பவுன் என்று ஊரே பேசியது. பிள்ளை ஆல்டருக்கு நடந்து வரும்போது வளையல் முழங்கைவரை ஏறியிருந்தது, நானே பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் தோழிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே தம்பியின் சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்தார்கள். மிரட்டவில்லை, கேட்கவுமில்லை. "உங்க அண்ணன் வீட்டுல செஞ்ச மாதிரி செய்யணும்னு நாங்க சொல்லல. பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். 'பாத்துச் செய்யுங்க' என்பதற்கு எத்தனை பவுன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இளையவளை நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணம் மூத்தவள் கழுத்துக்குப் போயிற்று. போதாததற்கு வட்டிக்கு வாங்கினார்கள். இளையவள் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறாள். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. தம்பியிடமிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை. கோயிலுக்கு ஜெனரேட்டர் வாங்கித் தந்தவரே அவர்தான். தன் மகள் கல்யாணம் தம்பி வீட்டில் இப்படி விடிந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. யார் போய்ச் சொல்வது? சொன்னாலும், "நான் என்ன, அவனையும் அப்படிச் செய்யச் சொன்னேனா?" என்றுதான் கேட்பார். அதுவும் நியாயம்தானே?

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேதத்தில் வருகிற யோனா ஞாபகம் வந்தான், தேவன் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடிப்போன தீர்க்கதரிசி. நாம் பிரசங்கத்தில் கேட்டதெல்லாம் அவனை விழுங்கிய மீனின் வயிற்றைப் பற்றித்தான். மீனுக்கு முன்னால் நடந்ததைப் பார். யோப்பாவுக்குப் போனான், கூலி கொடுத்தான், கப்பலேறினான். ஓசியில் போகவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. கீழ்த்தட்டில் போய் அயர்ந்து தூங்கவும் செய்தான். ஆனால் புயல் வந்தபோது கடலில் போனது அவன் மூட்டை இல்லை, கப்பல்காரர்கள் ஏற்றி வந்த சரக்கு. பழைய துறைமுகத்தில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்படுகிற தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். சரக்கைக் கடலில் தள்ளுவதென்றால் தோணியை நடத்துகிற தண்டலுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கரைக்கு வந்து அவன் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், கூட வந்தவர்களின் கூலிக்கும் பதில் சொல்ல வேண்டும். யோனா அந்தச் சரக்குக்கு ஈடு கட்டினான் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. அவன் யாருக்குப் பயந்து ஓடினானோ அந்தத் தேவனை அறியாத அந்த ஜனங்களோ, அவனைத் தூக்கிப் போட மனசில்லாமல் கரைசேரத் தண்டு வலித்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் புஸ்தகத்தில் ரொம்பப் பிடித்த ஆட்கள் அவர்கள்தான்.

நீ கேட்ட கேள்விக்கு நேரான பதில் கொரிந்தியர் நிருபத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சாமிக்குப் படைத்துக் கொடுத்த பொங்கலைச் சாப்பிடலாமா கூடாதா என்ற ஒரே சந்தேகத்துக்குத்தான் நம் ஆட்கள் அந்த எட்டாம் அதிகாரத்தை எடுப்பார்கள். பாவம், அந்த நிருபத்தை எழுதிய பவுலின் பாடு வேறு. கொரிந்து சபையில் விவரம் தெரிந்தவர்கள் சிலர், விக்கிரகம் என்பதே ஒன்றுமில்லை, அதற்குப் படைத்த கறியைத் தின்றால் என்ன என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது தப்பு என்று பவுல் சொல்லவே இல்லை. சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, நீ அங்கே பந்தியில் உட்கார்ந்திருப்பதை உன் பலவீனமுள்ள சகோதரன் பார்ப்பானே, அவன் என்ன ஆவான் என்று கேட்கிறார். பத்தாம் அதிகாரத்தில் வருகிற "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்பதோடு நம் மனசு நின்றுகொள்கிறது, "ஆகிலும்" என்று அவர் தொடர்வதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எட்டாம் அதிகாரத்தின் கடைசியில், என் சாப்பாடு என் சகோதரனுக்கு இடறல் என்றால் நான் என்றைக்குமே கறி தின்னமாட்டேன் என்கிறார் மனுஷன். அசனத்தில் எலும்புக்குச் சண்டை போடுகிற நமக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு!

அதே நிருபத்தில் பதினோராம் அதிகாரத்தில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. வசதியுள்ளவர்கள் திருவிருந்துக்கு வந்த இடத்தில் தங்கள் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டதும் சொந்தக் காசில்தான், திருடியதில்லை. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்கிறார். உன் நாலாம் பக்கத்தைப் படித்தபோது என் மனசில் ஓடியது இந்த வசனந்தான். கோபித்துக்கொள்ளாதே.

நீ சொல்லப்போவது தெரியும். "ஊர் வாய்க்குப் பயந்தா வாழ முடியுமா? போட்டாலும் பேசுவாங்க, போடாட்டாலும் பேசுவாங்க." உண்மை. ஊர் பேச்சுக்காக எதையும் விடு என்று நான் சொல்லமாட்டேன், பவுலும் சொல்லவில்லை. நீ பள்ளிக்கூட வேலைக்குப் போனபோது உன் மாமியார் வீட்டார் பேசினார்கள், நீ போனாய். அதனால் யாரும் விழவில்லை, நாலு பேர் முகம் கோணியது, அவ்வளவுதான். முகம் கோணுகிறவன் வேறு, கீழே விழுகிறவன் வேறு. உன் தம்பிக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அவன் சம்பளம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். உன் பிள்ளை ஆல்டர் முன் நிற்கிற அன்று அவன் மனைவி எத்தனாவது பெஞ்சில் உட்கார்ந்து என்ன கணக்குப் போடுவாள் என்று ஒரு நிமிஷம் யோசி. அவள் வாயைத் திறக்கமாட்டாள், அதுதான் எனக்குப் பயம்.

வரதட்சணை கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்காமல் பிள்ளைக்குப் போடுகிற நகை அதில் வராது என்று அண்ணன் சொல்வார், அதுவும் சரிதான். நான் சட்டத்தைக் காட்டி உன்னை மிரட்ட வரவில்லை. சட்டம் விட்டுவிடுகிற இடத்திலிருந்துதான் நம் பாடு ஆரம்பிக்கிறது.

பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதே என்றும் நான் சொல்லவில்லை. கொடு, தாராளமாகக் கொடு. ஆனால் வீட்டில் பையனுக்கு வீடு, பொண்ணுக்கு நகை என்று பிரிக்கிறோமே, அதைக் கொஞ்சம் யோசி. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அம்மா வழக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். திருவிதாங்கூரில் 1916-ல் போட்ட வாரிசுச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவப் பெண்ணுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று, கொடுப்பதாகச் சொல்லியாயிற்று என்றால் அதுவும் கிடையாது. அந்த அம்மா சொந்த அண்ணனோடு மனஸ்தாபப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-ல் பெண்ணுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு வந்தது. தனக்கென்று போட்ட வழக்குதான். ஆனால் அவர் முகத்தையே பார்த்திராத எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அதனால் பங்கு கிடைத்தது. அதற்கு அவர் குடும்பத்துக்குள் கொடுத்த விலையும் சின்னதில்லை. ஒருத்தர் எடுக்கிற முடிவு மற்றவர்களுக்கு நன்மையாகவும் பாயும் என்பதற்குச் சொல்கிறேன். நம் கோயில்களில் யாரும் அந்த அம்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

ஆகவே என் யோசனை இது. உன் மகனுக்கு எழுதப்போகிற வீட்டில் பிள்ளைக்கும் பாதி எழுது. நகைக்கென்று வைத்த பணத்தில் பெரும்பங்கை அவள் பெயரில் டெபாசிட்டாகப் போடு, அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் எடுக்க முடியாதபடி. உங்கம்மா கொடுத்த கெட்டிச் சங்கிலியும் இரண்டு வளையலும் போட்டு அனுப்பு, பிள்ளை அழகாகத்தான் இருப்பாள். எத்தனை பவுன் என்று யார் கேட்டாலும், அண்ணன் உட்பட யாரும் எண்ணிக்கை சொல்லக்கூடாது. சொல்லாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்! மாப்பிள்ளையிடம் இதை முன்னாலேயே பேசிவிடு. அடக்கமான முகம் என்று சொன்னேன் அல்லவா, அது உண்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும். சம்பந்தியம்மா "பாத்துச் செய்யுங்க" என்று ஆரம்பித்தால் எனக்கு ஒரு போன் போடு.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேள். ஆறு பக்கத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. நாம் இரண்டு பேரும் கிழவிகள் மாதிரி அவள் கழுத்தை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஓலை முதல் வாசிப்பு எந்த ஞாயிறு என்று எழுது, நான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். இப்போதெல்லாம் கீழ் பெர்த் கிடைப்பதே பெரும்பாடு. மக்ரூன் எத்தனை கிலோ வேண்டும் என்றும் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டு. கோபம் வந்தால் என்னோடு நேராகச் சண்டை போடச் சொல், உன்னிடம் வேண்டாம்.

அன்புடன்,
கிரேஸ்