ஹைட்ரஜன் கணக்கில் வெந்நீர்ச் செலவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெப்பவிரும்பி பாக்டீரியாக்களிடம் ஆலைக் கழிவுநீரைக் கொடுத்தால் ஹைட்ரஜன் கிடைக்கும் என்று அவ்வப்போது செய்திகள் வருகின்றன. கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் செய்தியில் வரவு மட்டுமே இருக்கிறது, செலவு இல்லை.

நியூசிலாந்து வெந்நீர் ஊற்றில் கிடைத்த கால்டிசெல்லுலோசிரப்டர் சாக்கரோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா 70 டிகிரி செல்சியஸிலும், இத்தாலியின் வல்கானோ தீவில் கிடைத்த தெர்மோடோகா மாரிடிமா 80 டிகிரியிலும் செழித்து வளரும். இரண்டும் தனியாக நொதி சேர்க்காமலே ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும். 1 கிலோ குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 45 கிராம் ஹைட்ரஜன் வரும். கூடவே சுமார் 667 கிராம் அசிட்டிக் அமிலமும் வரும். சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பங்கு இந்த அமிலத்தில்தான் தங்கிவிடுகிறது.

லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். முழு விளைச்சல் கிடைத்தாலும் ஹைட்ரஜனின் ஆற்றல் 54 கிலோஜூல். அந்த ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து 70-க்குச் சூடாக்க 167 கிலோஜூல் வேண்டும். வரவைப் போல் மூன்று மடங்கு செலவு! சர்க்கரையை 30 கிராமாக உயர்த்தலாமே என்றால், உருவாகும் அமிலத்தை ஈடுகட்ட லிட்டருக்கு 13 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். அவ்வளவு சோடியம் அசிடேட் சேர்ந்தால் பாக்டீரியாவின் வளர்ச்சியே மந்தமாகிவிடும்.

கல்லூரி ஆய்வகங்களில் அடிக்கடி நேரும் தவறு வேறு. 120 மில்லி குப்பியில், லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரையுள்ள கரைசல் 50 மில்லி ஊற்றி ரப்பர் மூடி போட்டு இறுக்கிவிடுகிறார்கள். முழு விளைச்சல் கிடைத்தால், 70 டிகிரியில் உள்ளே ஹைட்ரஜனின் அழுத்தம் மட்டுமே சுமார் 450 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் 10–20 கிலோபாஸ்கலைத் தாண்டும்போதே கால்டிசெல்லுலோசிரப்டர் லாக்டிக் அமிலத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த வழியில் ஹைட்ரஜன் இல்லை. பழி மட்டும் பாக்டீரியா மேல் விழுகிறது! நைட்ரஜனை ஊதி வாயுவை வெளியேற்றினால் விளைச்சல் ஏறும். பிறகு நைட்ரஜனைப் பிரிக்கும் செலவு வரும். ஊதும்போது நீராவியும் சேர்ந்து போகும் என்பதால், வாயுக் குழாயில் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் இல்லையென்றால் கரைசல் வற்றிவிடும்.

சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் சாண எரிவாயுக் கலன் போன்ற மீத்தேன் கலன்கள் ஏற்கெனவே ஓடுகின்றன. ஹைட்ரஜன் தொட்டியை அவற்றுக்கு முன்னால் வைத்தால் அசிட்டிக் அமிலம் மீத்தேனாகிவிடும். தொட்டியை விட்டு வெளியேறும் 70 டிகிரி நீரின் சூட்டை, வெப்பப் பரிமாற்றி வழியாக உள்ளே வரும் நீருக்குக் கொடுக்கலாம். மீத்தேன் கலனுக்கும் அந்த நீர் ஆறித்தான் போக வேண்டும். இதில் 80 சதவீதம் சூடு மீண்டால் லிட்டருக்கு இன்னும் 33 கிலோஜூல்தான் தேவைப்படும். அதை ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பின் புகைச்சூட்டிலிருந்து எடுக்க முடியுமா என்பதை ஒவ்வொரு ஆலையிலும் அளந்து பார்த்த பிறகே தொட்டிக்கு விலை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நொதித்தல் தொழில்நுட்பப் பொறியாளர்கள் இருவர்,
சேலம்