திரும்ப அழைக்கும் உரிமை இருக்கட்டும், இரண்டாம் கேள்வி போகட்டும்: கலிஃபோர்னியாவின் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த கலிஃபோர்னியத் தமிழ் வாக்காளர்களுக்கு,

வணக்கம். தாம் தேர்ந்தெடுத்த ஆளுநரையும் பிற மாநிலப் பதவியாளர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே வாக்களித்து நீக்கும் உரிமை இந்த மாநிலத்து மக்களுக்கு 1911 முதல் இருக்கிறது. அந்தத் திரும்ப அழைக்கும் உரிமையை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்ற பேச்சை, ஆளுநரை நீக்கலாமா என்று 2021இல் நடந்த தேர்தலுக்குப் பின் நம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கிறேன். இதற்கிடையே, அந்த உரிமையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் அரசியல் சாசனத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றி மக்கள் வாக்குக்கு அனுப்பியிருக்கிறது. ஒழிப்பதும் திருத்துவதும் ஒன்றே என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டின் கடைசியில், பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் திரைமுன் அமர்ந்திருந்த நாட்களில், மளிகைக் கடை வாசலில் ஓர் இளைஞர் நீட்டிய, ஆளுநரை நீக்கத் தேர்தல் கோரும் மனுவில் நான் கையெழுத்திட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் ஊரார் கூடக் கூடாது என்று சொன்ன ஆளுநர் கேவின் நியூசம் நவம்பர் 6 அன்று ஓர் உயர்தர உணவகத்தில் நண்பர்களோடு விருந்துண்டார் என்ற செய்தி வந்திருந்தது. அதே நாளில்தான் சாக்ரமென்டோ நீதிபதி ஒருவர், தொற்றைக் காரணம் காட்டிக் கையெழுத்துத் திரட்டும் காலக்கெடுவை 120 நாட்கள் நீட்டித்திருந்தார். என் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் நீக்கப்பட்டால் அந்த நாற்காலியில் யார், எத்தனை வாக்கு பெற்று அமர்வார் என்பதை அன்று நான் ஒரு நிமிடமும் எண்ணிப் பார்க்கவில்லை. கையெழுத்தைத் திரும்பப் பெறச் சட்டம் வழி தந்திருந்தும், பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்லத்தக்க கையெழுத்துகளில் திரும்பப் பெறப்பட்டவை 43 மட்டுமே. நானும் பெறவில்லை.

நடைமுறை இதுதான். கடந்த தேர்தலில் அந்தப் பதவிக்கு விழுந்த வாக்குகளில் 12 சதவீதத்துக்கு இணையான கையெழுத்துகளை, குறைந்தது ஐந்து கவுன்ட்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதமாவது வரும்படி, 160 நாட்களுக்குள் திரட்டிவிட்டால் தேர்தல் வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இது 20 சதவீதம். வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கும். இவரை நீக்கலாமா என்பது முதலாவது. நீக்கினால் யார் வரலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். இரண்டாம் கேள்வியிலோ, எத்தனை பேர் நின்றாலும் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றுவிடுவார். பதவியில் இருப்பவர் இரண்டாம் பட்டியலில் போட்டியிடவே முடியாது.

இந்த அமைப்பில் உள்ள கோளாறு காகிதத்தில் மட்டும் இருப்பதன்று. மாநில மேலவை உறுப்பினர் ஜாஷ் நியூமன், எரிபொருள் வரி உயர்வுக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பதற்காக 2018 ஜூனில் நீக்கப்பட்டார். அவர் நீடிக்கட்டும் என்றவர்கள் சுமார் 42 சதவீதம். அவர் இடத்துக்கு வந்தவர் இரண்டாம் கேள்வியில் பெற்றதோ சுமார் 34 சதவீதம். தோற்றவரின் பக்கம் நின்றவர்கள், வென்றவரின் பக்கம் நின்றவர்களைவிட அதிகம்! இதை மக்களின் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020இல் அதே தொகுதி மக்கள் நியூமனையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது நம் முன் உள்ள திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பட்டவர் கொண்டுவந்தது என்பதால் மட்டுமே அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மின்வெட்டும் வாகன வரி உயர்வும் கிளப்பிய கோபத்தில், மறுதேர்வு பெற்று ஓராண்டுகூட ஆகாத ஆளுநர் கிரே டேவிஸ் நீக்கப்பட்டார். அமெரிக்க வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட இரண்டாவது ஆளுநர் அவர். முதலாமவர் 1921இல் வடக்கு டகோட்டாவின் லின் ஃபிரேசியர். அன்று 135 வேட்பாளர்கள் நின்றும் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் 48.6 சதவீதம் பெற்றார். டேவிஸ் நீடிக்கட்டும் என்று விழுந்த வாக்குகளைவிட அவருடைய வாக்குகள் அதிகம். ஆகவே அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அமைப்பு நன்றாக இருந்ததால் அன்றி, ஒருவரின் புகழ் பெரிதாக இருந்ததால் சரியாக அமைந்தது. 2021இலோ ஆளுநர் கட்சி, முதல் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டு இரண்டாவதை வெறுமையாக விடுங்கள் என்றே சொன்னது; ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படியே விட்டார்கள். தம் மாநிலத்தை யார் ஆளலாம் என்ற கேள்விக்கு விடை எழுதாதீர்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டிய நிலையை ஒரு சட்டம் உண்டாக்குமானால், குற்றம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அப்படியானால் முழுவதையும் ஒழித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த உரிமை எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிடி இந்த மாநிலத்துச் சட்டமன்றத்தின்மீது இறுகியிருந்தது. அந்தப் பிடியை உடைப்பேன் என்று சொல்லி வென்ற ஆளுநர் ஹைரம் ஜான்சன், மக்களே சட்டம் முன்மொழியும் உரிமை, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்களே நிராகரிக்கும் உரிமை ஆகியவற்றோடு இதையும் 1911 அக்டோபர் 10 அன்று மக்கள் வாக்குக்கு வைத்தார். அதே நாளில்தான் இங்குப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. (இந்தியாவிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1946இல்தான் அந்தக் கதவு திறந்தது. இந்த வாக்குச்சீட்டு நம் கைக்கு எளிதில் வந்ததன்று.)

1913 முதல் 2021 வரை மாநிலப் பதவியாளர்களுக்கு எதிராக 179 முயற்சிகள் நடந்ததாக மாநிலச் செயலரின் பதிவு சொல்கிறது. அவற்றில் வாக்குச்சீட்டு வரை வந்தவை 11. நீக்கத்தில் முடிந்தவை 6. நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இதை அடக்கத்தோடுதான் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாம் பிறந்த நாட்டில், வென்ற சட்டமன்ற உறுப்பினர் கட்சி தாவினாலும் தொகுதிப் பக்கமே வராவிட்டாலும், அவரை அனுப்பிய வாக்காளர் ஐந்தாண்டு வரை செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தக் கையறு நிலையை அறிந்த நாம், கையில் உள்ள உரிமையை நாமே தூக்கியெறியக் கூடாது என்பது என் கருத்து.

செலவைப் பற்றிய மனத்தாங்கல் உண்மையானது. 2021 செப்டம்பர் தேர்தலுக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவாயிற்று, நியூசம் 61.9 சதவீத ஆதரவுடன் நீடித்தார்; வழக்கமான தேர்தல் பதினான்கே மாதத்தில் வரவிருந்தது. இதற்கு மருந்து கையெழுத்து வரம்பில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் 25 சதவீதம் கேட்கிறது. ஆனால் 2012இல் அங்கு ஆளுநர் ஸ்காட் வாக்கருக்கு எதிராக ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மக்கள் உண்மையில் கொதிக்கும்போது உயர்ந்த வரம்பும் தடையாவதில்லை. அங்கே பதவியில் இருப்பவரும் எதிராளியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். வாக்கர் 53 சதவீதம் பெற்று வென்றார். அந்த முடிவு பிடிக்காதவர்கள்கூட அதன் கணக்கைக் குறை சொல்ல முடியவில்லை. நம் 12 சதவீதமும் உயர வேண்டும் என்று நான் கருதுகிறேன். இப்போதைய திருத்தம் அதைத் தொடவில்லை என்பது எனக்குக் குறையே. வாஷிங்டன் மாநிலத்தைப் போல, குற்றச்சாட்டு போதுமானதா என்று நீதிமன்றம் முதலில் ஆராய வேண்டும் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. மக்கள் நம்பிக்கை இழந்தார்களா என்பது நீதிபதி அளக்கக்கூடிய பொருளன்று.

திருத்தம் சொல்வது எளிமையானது. நீக்கலாமா என்ற கேள்வி இருக்கும். அடுத்தவர் யார் என்ற கேள்வி அந்தச் சீட்டில் இராது. காலியாகும் இடம் அந்தப் பதவிக்குரிய சட்டப்படி நிரப்பப்படும். ஆளுநர் பதவி காலியானால் துணை ஆளுநர் ஆளுநராவார் என்று சாசனம் ஏற்கெனவே சொல்கிறது. துணை ஆளுநர் அதே கட்சிக்காரராக இருந்தால் நீக்கி என்ன பயன் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் விடையும் இருக்கிறது. இந்தியாவைப் போலன்றி இங்கு ஆளுநரும் துணை ஆளுநரும் மக்களால், அதுவும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக நீக்குகிறவருக்கு, மக்கள் முன்பே தேர்ந்தெடுத்த இன்னொருவர் வருவதில் இழப்பில்லை. பொதுத்தேர்தலில் கிடைக்காத நாற்காலியைக் குறைந்த வாக்கில் பிடிக்க நினைப்பவருக்குத்தான் இழப்பு. துணை ஆளுநரே உள்ளிருந்து சூழ்ச்சி செய்யலாமே என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 2003இல் துணை ஆளுநர் குரூஸ் புஸ்தமாந்தே, தம் ஆளுநரை நீக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் கேள்வியில் தமக்கு வாக்குக் கேட்டார். அந்தச் சங்கடம் இன்றைய அமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. வாக்காளர் கையேடு தபாலில் வந்ததும் இந்தத் திருத்தத்தின் மூல வாசகத்தையும், ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட பக்கங்களையும் முழுவதும் படியுங்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் வீட்டில் வாக்காளராக இருந்தால் அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை கடை வாசலில் யாராவது மனுவை நீட்டினால், இவர் போனால் யார் வருவார், எத்தனை பேரின் வாக்கில் வருவார் என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அன்புடன்,
சான்டா கிளாரா கவுன்ட்டியைச் சேர்ந்த ஒரு வாக்காளர்